வெயிலில் பார்க்கிற டாக்டரம்மா

வெயில் இல்லாத நாளில் அந்த டாக்டரம்மாவிடம் போவதும் ஒன்றுதான், போகாமல் இருப்பதும் ஒன்றுதான். மைசூரில் ஆடி மாதம் வந்துவிட்டால் வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டே கிடக்கும். அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் மருந்து எழுதிக் கொடுப்பார், ஆனால் முகம் மட்டும் தெளியாது. "நாளைக்கு வெயில் அடிச்சா இன்னொரு தடவை தூக்கிண்டு வாங்கோ, கண்ணைப் பார்த்துடறேன்" என்பார். மின்சார வெளிச்சத்தை அவர் நம்பியதே இல்லை. "குண்டு பல்புல எல்லாக் கண்ணும் மஞ்சள். டியூப்லைட்டுல எந்தக் கண்ணும் மஞ்சள் இல்லை. எதைன்னு நம்பறது?" என்று நம்மையே கேட்பார்.

மைசூர் ஓரத்து விஜயநகரில் அப்போது பாதி மனைகள் காலியாகக் கிடந்தன. அவருடைய கிளினிக் அவர் வீட்டு முன்னறைதான். காய்ச்சல் என்று போகிற பிள்ளையைக்கூட இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக நடுத்தெருவுக்கு வந்துவிடுவார். ஸ்கூட்டர்காரர்கள் வளைந்து போவார்கள். கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்து, "மேலே பாரு, காக்கா" என்பார். அங்கே காக்காயும் இருக்காது, குருவியும் இருக்காது. பிள்ளை மேலே பார்க்கும், இவர் வெள்ளை விழியைப் பார்ப்பார். முதல் தடவை இதைப் பார்த்தபோது, சரியான கிறுக்கியிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மார்டள்ளிக்காரர்கள். என் வீட்டுக்காரருக்கு மைசூர் ஹெப்பாள் பக்கம் கம்பெனியில் வேலை கிடைத்ததும் இங்கே வந்து, ஒரு பென்ஷன்காரர் வீட்டுக்குப் பின்னால் அவுட்ஹவுஸில் குடியிருந்தோம். மாதேஷ் மூத்தவன், கௌரி இளையவள். கௌரிக்குப் பிறந்ததிலிருந்தே உடம்பில் ரத்தம் நிற்காது. பாட்டில் ரத்தம் ஏற்றினால் சில வாரம் தாங்கும், பிறகு காகிதம் மாதிரி வெளுத்துவிடுவாள். முருங்கைக்கீரை கொடு, பேரீச்சம்பழம் கொடு என்று எத்தனையோ பேர் சொல்லி நானும் கொடுத்து ஓய்ந்துபோயிருந்தேன். இது தலசீமியா, கீரையால் தீராது, ஆயுசுக்கும் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று முதலில் சொன்னவர் இந்த டாக்டரம்மாதான். எப்படிச் சொன்னார் தெரியுமா? நடுத்தெருவில் நின்றுகொண்டு, ஒரு பூச்சு இல்லாமல், பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். எனக்கு அழுவதா, சண்டைக்குப் போவதா என்று தெரியவில்லை.

அவர் மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார்கள். பாதி கன்னடம் கலந்த ஒரு மாதிரித் தமிழ். நான் பேசுகிற ஊர்த் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். சிரிப்பது என்றால் அவருக்கு உதடு கொஞ்சம் அசையும், அவ்வளவுதான்.

அவர் வாயில் வராத வார்த்தை ஒன்று இருந்தது. "ஒண்ணும் இல்லை" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. தலைவலி என்று போனாலும் டாக்டர்கள் முதலில் அதைத்தானே சொல்வார்கள்? அந்த ஒரு வார்த்தைக்குத்தானே நாமும் போகிறோம்? இவர் சொல்ல மாட்டார். ரொம்ப நல்ல சேதி என்றால், "இன்னிக்கு என் கைக்கு ஒண்ணும் தெரியலை" என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார்.

எங்களுக்கு அவுட்ஹவுஸை வாடகைக்கு விட்டிருந்த பென்ஷன்காரர் ஒருமுறை பேரனைக் கூட்டிக்கொண்டு போனார். பையன் கல்லைக் கொடுத்தாலும் செரிக்கிற மாதிரி இருந்தான். பெரியவருக்குப் பெங்களூரிலிருக்கும் மருமகளிடம் சொல்ல ஒரு நல்ல வார்த்தை வேண்டும். "ஏனூ இல்ல அந்த ஹேளி மேடம்" என்று கெஞ்சியிருக்கிறார், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று. "இன்னிக்கித் தெரியலை சார், அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றிருக்கிறார் இவர். திரும்பி வந்த பெரியவர் கேட்டைச் சாத்திய சத்தத்தில் நாய் குரைத்தது. அந்த அம்மாள் வாயில் நல்ல வார்த்தைக்கே பஞ்சம் என்று தெருவெல்லாம் பேச்சு. ஏதோ சொந்த சோகம் இருக்கும் என்று கதையும் கட்டினார்கள். எனக்குத் தெரிந்து அப்படி எதுவும் கிடையாது. கணவர் காலேஜில் வாத்தியார், மகள் கல்யாணமாகி டெல்லியில் நன்றாக இருந்தாள். சிலருக்குச் சுபாவமே அப்படி.

ஆனால் கை இருக்கிறதே, அது வாய்க்கு நேர்மாறு. பிள்ளையின் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சில்லென்று கை வைத்தால் பிள்ளை வயிற்றை எக்கிக்கொள்ளும், கல்லீரலின் விளிம்பு கைக்குச் சிக்காது என்பார். கோடைக்காலத்திலும் தேய்ப்பார். பிறகு இடது கை விரலை வயிற்றில் பரத்தி வைத்து, வலது கை நடுவிரலால் அதன்மேல் தட்டிக்கொண்டே வருவார். சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே மாதிரி. சத்தம் மாறுகிற இடத்தில் நிறுத்தி, காதில் செருகியிருக்கும் நீலப் பேனாவை எடுத்து வயிற்றிலேயே ஒரு கோடு போட்டுவிடுவார். "கல்லீரல் இங்கே வரைக்கும் இருக்கு. அடுத்த தடவை வரப்போ கோடு இருக்கணும். குளிப்பாட்டறச்சே தேய்க்காதீங்கோ."

கௌரிக்கு அந்தக் கோட்டில் தனிப் பெருமை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சட்டையைத் தூக்கிக் காட்டுவாள். நான் சோப்புப் போடும்போது கையை வைத்து மறைத்துக்கொள்வாள். "அழிச்சுராதம்மா, டாக்டரம்மா வந்து தேடுவாங்க" என்பாள்.

கௌரிக்கு ஆறு வயதில், தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜை மாற்றுகிறார்கள் என்று தெரிந்தது. அண்ணனுடைய எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை எடுத்துத் தங்கைக்கு ஏற்றுவார்கள், அதிலுள்ள அணுக்கள் போய் உட்கார்ந்து நல்ல ரத்தம் ஊறவைக்கும், அப்புறம் பாட்டிலே வேண்டாம். மாதேஷுக்குச் சோதித்துப் பார்த்தார்கள், பொருந்தியது. நாங்கள் துள்ளிக் குதித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"பண்ணலாமுங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பழைய மஜ்ஜையை அழிக்கறதுக்குக் கடுமையான மருந்து கொடுப்பா. இத்தனை வருஷம் ரத்தம் ஏத்தினதுல இவ கல்லீரல்ல ஏற்கெனவே இரும்பு சேர்ந்திருக்கு. அந்த மருந்து கல்லீரலைப் பதம் பார்க்கும்."

"அப்ப வேண்டாங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே. பண்ணினாலும் பயம் இருக்கு, பண்ணலைன்னாலும் பயம் இருக்கு. எந்தப் பயம் உங்களால தாங்க முடியும்னு நீங்கதான் பார்க்கணும்."

இதுவா ஒரு டாக்டர் சொல்கிற பதில்? வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனாலும் போனோம். மாதேஷ் ஒன்பது வயசுப் பையன், ஊசிக்கு அழாமல் குப்புறப் படுத்துக் கொடுத்தான். கௌரிக்கு முடியெல்லாம் கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, கடைசியில் அண்ணனுடைய அணுக்கள் பிடித்துக்கொண்டன. உங்கள் ஊர் டாக்டரிடம் வாராவாரம் காட்டுவதாக இருந்தால் போகலாம் என்று அனுப்பி வைத்தார்கள். மைசூருக்கு வந்து சேர்ந்தோம். செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா எடை போட்டார், வெயிலில் கண் பார்த்தார், கை தேய்த்து வயிற்றைத் தட்டிக் கோடு போட்டார். "இன்னிக்கு ஒண்ணும் தெரியலை" என்றார். எனக்குக் கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. கௌரி நல்லபடியாகத் திரும்பினால் அவள் எடைக்கு எடை வெல்லம் வைத்துத் துலாபாரம் கொடுப்பதாக. எங்கள் சாமி மாதேஸ்வரன்தான், ஆனால் அந்த மலைக்கு இந்த உடம்போடு பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது. அதனால் பக்கத்திலிருக்கும் நஞ்சன்கூடு. நோய் தீர்க்கிற சாமி, நோயாளி போகக் கூடாதா? டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் கூட்டத்துக்குப் போகாதே என்பார். ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கும்போதே கூட்டம் வருவதற்குள், பிள்ளைக்கு மாஸ்க் கட்டிக் கூட்டிக்கொண்டு போனோம். மாதேஷும், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாரும் கூட வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அனுப்பும்போது பார்த்த எடைக்கு வெல்ல உருண்டை வாங்கி, மங்கலத்துக்கு ஒன்று கூடுதலாகவும் வைத்திருந்தோம். ஒரு தட்டில் கௌரியை உட்காரவைத்தார்கள். இன்னொரு தட்டில் உருண்டைகளை அடுக்கினார்கள். எல்லாம் வைத்தாயிற்று, கூடுதல் உருண்டையும் வைத்தாயிற்று. கௌரியின் தட்டு தரையை விட்டு எழவில்லை. அர்ச்சகர் சிரித்துக்கொண்டே, "மகு தப்ப ஆகிதாளே" என்றார். பிள்ளை பருத்துவிட்டாள் என்று சாமி சன்னிதியிலேயே ஒருவர் சொல்லிவிட்டார், இனி என்ன வேண்டும்? வீட்டுக்காரர் வெளியே கடைக்கு ஓடி இன்னும் இரண்டு உருண்டை வாங்கிவந்து வைத்தார். அப்புறம்தான் தட்டு எழுந்தது. அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாத்தனார், "என்ற கண்ணே பட்டுரும் போல இருக்குது" என்று பிள்ளையின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள்.

தட்டிலிருந்து தூக்கும்போது கௌரி, "வலிக்குதுப்பா" என்றாள். அழுத்திப் பிடித்துவிட்டார் போல என்று நினைத்தோம். "பாவாடை இறுக்குதும்மா" என்றாள். சந்தோஷமாக முடிச்சைத் தளர்த்திவிட்டேன்.

கோயிலிலிருந்து நேராக ஆட்டோவில் டாக்டரம்மா வீட்டுக்குத்தான் வந்தோம், பிரசாத வெல்லம் கொடுக்க. ஒரு தடவையாவது அந்த அம்மாள் வாயால் நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. ஞாயிறு என்பதால் காம்பவுண்டுச் சுவரோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெல்லத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். நான் விடாமல் சொன்னேன்.

"வெல்லமே பத்தலைங்க டாக்டரம்மா. என்ற புள்ள அத்தன வெயிட்டு போட்டிருக்குது."

வாய்க்குப் போன கை நின்றது.

"எத்தனை பத்தலை?"

"வாங்கினதுக்கு மேல ஒண்ணு வச்சும் பத்தலைங்க. அப்புறம் ரெண்டு உருண்டை வாங்கியாந்தோம்."

"நல்லா சாப்பிடறாளா?"

"எங்கீங்க, ரெண்டு வாயிக்கு மேல எறங்கறதில்ல. ஆனாலும் சதை போட்டிருச்சு பாருங்க."

அவர் வெல்லத்தைச் சுவர்மேல் வைத்தார். "செவ்வாய்க்கிழமை நானே எடை போட்டேன். ஆஸ்பத்திரி எடைதான் இருந்தது. சாப்பிடாத குழந்தைக்கு நாலஞ்சு நாள்ல இத்தனை எடை எங்கேருந்து வந்தது?" என்று எழுந்தார். செருப்புகூடப் போடாமல், ஆட்டோவிலேயே இருந்த கௌரியிடம் நடந்தார்.

கௌரியை வெயிலுக்குத் தூக்கிவந்து இமையை இழுத்தார். "மேலே பாரு, காக்கா." நானும் பார்த்தேன். கோயில் விளக்கில் தெரியாதது அங்கே தெரிந்தது. விழியின் வெள்ளையில் மங்கலாக ஒரு மஞ்சள். உள்ளே பெஞ்சில் படுக்கவைத்துக் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தட்டினார். செவ்வாய்க்கிழமைக் கோடு அழியாமல் இருந்தது. சத்தம் அந்தக் கோட்டில் மாறவில்லை. மூன்று விரற்கடை கீழே வந்துதான் மாறியது. அங்கே புதுக்கோடு போட்டார். பேனா பட்டதற்கே கௌரி, "வலிக்குது டாக்டரம்மா" என்று சுருண்டுகொண்டாள்.

"இது சதை இல்லைம்மா, தண்ணி" என்றார். "கல்லீரலுக்குள்ள மயிரிழை மாதிரி ரத்தக் குழாய் இருக்கும். அந்த மருந்து பட்டு அதெல்லாம் அடைச்சுண்டிருக்குன்னு நினைக்கறேன். உள்ளே போற ரத்தத்துக்கு வெளியே வர வழியில்லை. கல்லீரல் வீங்கறது, வயித்துல நீர் கோத்துக்கறது. நீங்க வெல்லம் வெச்சது அந்தத் தண்ணிக்கு."



ஸ்கேன் டாக்டரை ஞாயிற்றுக்கிழமையில் வீட்டிலிருந்து வரவழைத்தார். அவர் பார்த்துவிட்டு, கல்லீரல் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் நீர் இருக்கிறது, இத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றிய பிள்ளைக்குச் சாதாரணக் காமாலையாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. "காமாலைன்னா எடை குறையணும். இங்கே ஏறறது. ரத்தம் எந்தப் பக்கம் ஓடறதுன்னு பாருங்கோ" என்று இவர் விடவில்லை. அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு முணுமுணுப்பு நின்றது. கல்லீரலுக்குள் போக வேண்டிய ரத்தம் போக முடியாமல் பின்னால் திரும்பிக்கொண்டிருந்தது.

கிளினிக்குக்குத் திரும்பி வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். வைத்துவிட்டு எங்களிடம் தமிழில் சொன்னார். "உடனே கிளம்பணும். நான் சொன்னதுதான் இருக்கும்கறா. அண்ணன் அணு தங்கை உடம்போட சண்டை போட்டாலும் கல்லீரல் கெடும், அதையும் பார்க்கணும்கறா. தோல்ல தடிப்பு இல்லை, பேதி இல்லை, அதனால எனக்கு அப்படித் தோணலை. ஆனா இல்லைன்னு சொல்ல மாட்டேன்." எப்போதும் போல உள்ளதை உள்ளபடி சொன்னார். கதவோரத்தில் மாதேஷ் நின்றிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

காரில் அவரும் எங்களோடு வந்தார். கிளினிக்கை மூடிவிட்டு வந்தார். வழியெல்லாம் கௌரியின் வயிற்றில் கை வைத்தபடியே இருந்தார். மாதேஷை நாத்தனாரிடம் விட்டுப்போனோம்.

அந்த அடைப்பைத் திறக்க அந்தக் காலத்தில் மருந்து இல்லை. இன்றைக்கு ஏதோ இருக்கிறதாம், யாரோ சொன்னார்கள். அன்றைக்கு உப்பைக் குறைத்தார்கள், தண்ணீரை அளந்து கொடுத்தார்கள், வயிற்றிலிருந்து நீரை எடுத்தார்கள். எடுக்க எடுக்க ஊறியது. அங்கிருந்த டாக்டர்களும் இவர் போட்ட கோட்டுக்குக் கீழே தினமும் கோடு போட்டார்கள். பிள்ளையின் வயிறு நாலுவரி நோட்டு மாதிரி ஆகிவிட்டது.

அவர் மைசூருக்குத் திரும்புகிற அன்றைக்கு வராந்தாவில் மறித்துக்கொண்டு கேட்டேன். "கண்டுபுடிச்சீங்களே, என்ன புண்ணியமுங்க? தெரியாமலே இருந்திருந்தா எம்புள்ள பருத்துட்டாள்னு நாலு நாளாவது சந்தோசமா இருந்திருப்பேனே. அதையும் கெடுத்துப்போட்டீங்களே."

"திட்டுங்கோ. இங்கே வெச்சு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்கோ. உள்ளே போய்க் குழந்தை பக்கத்துல அழாதீங்கோ" என்றார். என் தோளில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் கௌரி போய்விட்டாள். மைசூருக்குத்தான் கொண்டுவந்தோம். அவுட்ஹவுஸ் முன்னால் பலகையில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். நாத்தனார் சீயக்காயைக் குழைத்து வயிற்றில் தேய்க்கப் போனாள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அங்க தேய்க்காத. டாக்டரம்மா வந்து தேடுவாங்க" என்றேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பெண்களெல்லாம் அழுதார்கள்.

டாக்டரம்மா வந்தார். பெண்கள் விலகி வழி விட்டார்கள். பலகைக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்தார். சூடாகிற வரைக்கும் தேய்த்தார். அப்புறம்தான் அந்தச் சில்லிட்ட வயிற்றில், கோடுகளின் மேல், கையை வைத்தார். அதைப் பார்த்த பிறகு அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பெற்றவள் நானே அப்படித் தொட்டிருப்பேனா தெரியவில்லை.

அவர் எழுந்து திரும்பியபோது மாதேஷ் தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து வந்தான். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். எதற்கென்று கேட்க எனக்குத் தெம்பில்லை. அவனுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் வாயில் வரும். டாக்டரம்மா புடவையைப் பிடித்து, "டாக்டர், நன்ன ரக்த கெட்டதா?" என்று கேட்டான்.

என் ரத்தம் கெட்டதா என்று கேட்கிறான். அன்றைக்குக் கதவோரத்தில் கேட்டது அத்தனை நாளும் அவன் வயிற்றுக்குள் கிடந்திருக்கிறது.

டாக்டரம்மா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் தாண்டி நடுத்தெருவுக்குப் போனார். உச்சி வெயில். சாவுக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இமையை இழுத்து, "மேலே பாரு, காக்கா" என்றார். இரண்டு கண்ணையும் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். கையைத் தேய்த்துக்கொண்டு, சட்டையைத் தூக்கி வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எதற்கும் அவசரப்படவில்லை. பணம் கொடுத்து வந்த பிள்ளையைப் பார்ப்பதைவிட நிதானமாகப் பார்த்தார். காதிலிருந்த பேனாவை எடுக்கவில்லை.

பிறகு அவன் உயரத்துக்குக் குனிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "ஏனூ இல்ல கணோ. உங்கிட்ட ஒண்ணும் இல்லை. ஒண்ணுமே இல்லை."

கேட்டுக்கு அருகில் நின்ற பென்ஷன்காரர் அதைக் கேட்டார்.

மாதேஷ் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்து, "அம்மா, பசிக்குது" என்றான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. பென்ஷன்காரர் சம்சாரம் உள்ளே போய்த் தயிர்சாதம் பிசைந்து எடுத்துவந்தார். அவன் வெயிலிலேயே உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிட்டான்.